இருபதாம் எண் கட்டடம்: சுவரில் துளை போட யாரைக் கேட்க வேண்டும்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரின் வாசர் தெருவை ஒட்டி, எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1943-இல் ஒரு மரக் கட்டடத்தை அவசர அவசரமாக எழுப்பியது. மூன்று தளங்கள், சுமார் 2,50,000 சதுர அடி. அந்த வளாகத்தில் கட்டடங்களை எண் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். இதற்குக் கிடைத்த எண் 20. வரைபடத்தை ஒரே பிற்பகலில் போட்டு முடித்தார்கள் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆறு மாதத்துக்குள் இடித்துவிடுவோம் என்று சொல்லித்தான் நகரத்தின் தீப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு வாங்கினார்கள். கடைசியில் அதை இடித்தது 1998-இல்.

இடைப்பட்ட 55 ஆண்டுகளில் அதற்குள் நடந்த வேலைகளைப் பாருங்கள். ரேடார், அணுக் கடிகாரம், நவீன மொழியியல், ஒலியியல், விண்வெளியிலிருந்து வரும் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் கருவியின் தொடக்ககால மாதிரி, கணினியை நோண்டிப் பார்த்துப் புதிது புதிதாகச் செய்யும் ஹேக்கர் பண்பாடு. கோடையில் வெந்து, குளிர்காலத்தில் நடுங்கி, தூசியும் ஒழுகலுமாக இருந்த கட்டடத்தில் இவ்வளவும் நடந்தன. அங்கே இருந்தவர்கள் அதைச் செல்லமாக 'பிளைவுட் அரண்மனை' என்றார்கள்.

அலுவலக வடிவமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கட்டடத்தை அடிக்கடி இழுப்பார்கள். பல துறை ஆட்களை ஒரே இடத்தில் கலந்து விட்டால் புது யோசனை பிறக்கும் என்பதுதான் அவர்கள் எடுக்கும் பாடம். அது பாதிதான். உள்ளே வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தை அறுக்கவும் துளைக்கவும் மாற்றவும் உரிமை இருந்தது. அந்த உரிமை இல்லாமல் ஆட்களை மட்டும் கலந்து வைத்த இடங்கள் என்ன ஆயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கட்டடம் நமக்குப் புரியும்.

போருக்காகக் கட்டியது

1940-இல் பிரிட்டனிலிருந்து ஒரு விஞ்ஞானிகள் குழு கேவிட்டி மேக்னட்ரான் என்ற சிறு கருவியை ரகசியமாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான அந்தக் கருவி, அதுவரை முடியாத அளவு வலுவான நுண்ணலைகளைத் தந்தது. அதை வைத்து ரேடார் செய்ய எம்.ஐ.டி.யில் 'ரேடியேஷன் லேபரட்டரி' தொடங்கியது. உள்ளே நடக்கும் வேலை வெளியே தெரியக் கூடாது என்றே அந்தப் பெயரை வைத்தார்கள். உச்சத்தில் கிட்டத்தட்ட 4,000 பேர் அதில் வேலை செய்தார்கள். இருந்த இடம் போதவில்லை. எஃகு முழுக்கப் போருக்குப் போய்க்கொண்டிருந்ததால் மரத்தில் கட்டினார்கள்.

தற்காலிகக் கட்டடம் என்பதால் அழகுபடுத்தும் வேலை எதுவும் கிடையாது. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், வாயுக் குழாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி மேலே ஓடின. உள்சுவர்கள் மெல்லியவை, தளங்கள் மட்டும் கனமான கருவிகளைத் தாங்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே நடந்ததெல்லாம் இவற்றால்தான் முடிந்தது.

1945 டிசம்பர் கடைசியில் ரேடியேஷன் லேபரட்டரி மூடப்பட்டது. போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அரசு உதவியோடு கல்லூரிகளில் வந்து குவிந்தார்கள். வளாகத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் போட்டி. சரி, இந்தக் கட்டடம் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டார்கள். 1946-இல் தொடங்கிய மின்னணுவியல் ஆய்வுக்கூடம் இங்கே வந்தது, அணு அறிவியல் ஆய்வுக்கூடமும் வந்தது. அப்புறம், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்: புதிய துறைகள், சிறிய குழுக்கள், மாணவர் சங்கங்கள், நிர்வாகத்தில் செல்வாக்கு இல்லாதவர்கள். யாரும் திட்டம் போட்டு இந்தக் கலவையை உருவாக்கவில்லை. நல்ல கட்டடங்களில் இடம் பிடிக்க முடியாததுதான் அவர்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை.

தரையை அறுத்த கதை

ஜெரால்ட் சக்கரையாஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் 1950-களில் சீசியம் என்ற உலோகத்தின் அணுக்களைக் கொண்டு நேரத்தை அளக்கும் அணுக் கடிகாரத்தில் இறங்கினார். சீசியம் அணுக்களை நீரூற்று போல மேலே எறிய வேண்டும். அவை ஏறும்போது ஒரு முறையும், புவியீர்ப்பால் திரும்பி விழும்போது இன்னொரு முறையும் ஒரே நுண்ணலைப் பகுதியைக் கடக்க வேண்டும். இரண்டு கடத்தலுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் நீள நீள, கடிகாரத்தின் துல்லியம் கூடும். அப்படியானால் கருவி உயரமாக இருக்க வேண்டும். எவ்வளவு உயரம்? கட்டடத்தின் மூன்று தளங்கள் அளவுக்கு.

அவர் மேல் தளங்களை அறுத்து எடுத்துவிட்டுக் கருவியை நிமிர்த்தினார்.

இதை ஒரு சாதாரண அலுவலகத்தில் நினைத்துப் பாருங்கள். வசதிகள் துறைக்கு விண்ணப்பம், கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை, பட்ஜெட் குழு, அடுத்த நிதியாண்டு. அதற்குள் யோசனை ஆறிப்போகும். இருபதாம் கட்டடத்தில் அந்தப் படிகள் கிட்டத்தட்ட இல்லை. எப்படியும் இடிக்கப்போகும் கட்டடம் என்று நிர்வாகம் நினைத்ததால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் துருவவில்லை.

அந்த நீரூற்றுக் கடிகாரம் ஓடவில்லை. வேகமான அணுக்கள் பின்னாலிருந்து வந்து மெதுவான அணுக்களை மோதிச் சிதறடித்தன. லேசரால் அணுக்களைக் குளிர்விக்கும் முறை வந்த பிறகு, 1980-களின் இறுதியில்தான், வேறோர் இடத்தில் அந்த யோசனை பலித்தது. ஆனால் அணுக்கற்றையை வைத்து சக்கரையாஸ் செய்த எளிய வடிவம் 1956-இல் 'அட்டாமிக்ரான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வணிக அளவில் வெளிவந்த முதல் அணுக் கடிகாரம் அதுதான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஓர் இளைஞர் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தார். எம்.ஐ.டி.யில் படிப்பைப் பாதியில் விட்டவர், பெயர் ராய்னர் வைஸ். திருகாணி முடுக்கவும் மின்சுற்று கட்டவும் இங்கே பழகினார், பிறகு படிப்பை முடித்தார், எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார். ஈர்ப்பு அலைகளை லேசர் கொண்டு அளக்க முடியுமா என்று பார்க்க, 1970-களில் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மாதிரிக் கருவியை அவர் செய்யத் தொடங்கியது இதே கட்டடத்தில். அந்தக் கோட்டில் வளர்ந்த லைகோ என்ற ஈர்ப்பு அலை ஆய்வகம், 2015 செப்டம்பரில் முதல் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தது. 2017-இல் வைஸுக்கு நோபல். படிப்பை விட்ட ஒருவர் உள்ளே நுழைந்து கையால் வேலை செய்ய ஓர் இடம் இருந்தது என்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். எந்த வரைபடத்திலும் அதற்கென்று ஓர் அறையைக் குறிக்க முடியாது.

அடுத்த அறையில் யார்?

20E-214 என்ற அறை மாணவர்களின் மாதிரி ரயில் சங்கத்துக்கு. மேசை மேலே பார்த்தால் குட்டித் தண்டவாளம், குட்டி மலை, குட்டி ஊர். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தால் கம்பிகளும், ரிலே எனப்படும் தொலைபேசி மின்சுவிட்சுகளும் அடர்ந்து கிடக்கும். எந்த ரயில் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதைத் தொலைபேசி நிலையங்களில் பயன்படும் பாகங்களை வைத்தே கட்டுப்படுத்தினார்கள். அந்த மேசைக்கு அடியில் படுத்துக் கம்பி இணைத்த மாணவர்கள்தான் பிறகு எம்.ஐ.டி.யின் முதல் ஊடாடும் (உடனுக்குடன் பதில் தரும்) கணினிகளில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். 1962-இல் பி.டி.பி.-1 கணினியில் ஓடிய 'ஸ்பேஸ்வார்' விளையாட்டு அந்த வட்டத்திலிருந்து வந்தது.  

மொழியியலும் இங்கேதான் வளர்ந்தது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1955-இல் எம்.ஐ.டி.க்கு வந்தபோது, மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தில் இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டம் ஒன்றில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அவருக்கு முன்பே மாரிஸ் ஹாலே அங்கே இருந்தார், பேச்சொலிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒலியை அளக்கத் தெரிந்த பொறியாளர்களும் ஒலியின் இலக்கணம் தேடிய மொழியியலாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். தனித் துறைக் கட்டடங்கள் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தில் இவர்கள் இருவரும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் அதிகம்.

அமர் போஸின் கதை நம்மில் பலருக்குக் கொஞ்சம் தெரியும். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரரின் மகன். மின்பொறியியலில் முனைவர் பட்டம் முடித்த 1956-இல் நல்லதென்று நம்பி ஓர் ஒலிக்கருவி வாங்கினார், ஒலி ஏமாற்றிவிட்டது. காகிதத்தில் எல்லா அளவும் சரியாக இருந்தும் காதுக்கு ஏன் சரியில்லை என்ற கேள்வியோடு ஒலியியல் சோதனைகளில் இறங்கினார். அது அவருடைய துறை இல்லை. அந்தத் துறை ஆட்களும் கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, அவ்வளவுதான். 1964-இல் ஒலிபெருக்கிகள் செய்யும் போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

என்ன காரணம்?

தூரம் ஒரு காரணம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களின் பேச்சு வழக்கத்தை அளந்து காட்டினார்: இருவர் மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூட அவர்கள் வேலை பற்றிப் பேசுவது சட்டென்று குறைகிறது. சுமார் 50 மீட்டரைத் தாண்டினால் வாரம் ஒரு முறை பேசுவதே அரிது. இருபதாம் கட்டடம் அகலவாக்கில் பரந்தது. நீண்ட தாழ்வாரங்கள், பக்கவாட்டில் நீளும் பல பகுதிகள். தன் அறைக்குப் போக ஒருவர் பிறருடைய கதவுகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். உயரக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறி இறங்கும் கூட்டத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் இன்றைய அலுவலக வடிவமைப்பாளர்கள் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இருபதாம் கட்டடம் திறந்த கூடம் அல்ல. அங்கே அறைகள் இருந்தன, கதவுகள் இருந்தன, கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. தாழ்வாரத்தில் சந்தித்துப் பேசலாம், பிறகு உள்ளே போய்த் தனியாக யோசிக்கலாம். பேச்சும் தனிமையும் இரண்டடி தூரத்தில் இருந்தன.

திறந்த கூடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 2018-இல் ஒரு கவனமான ஆய்வு வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த கூடமாக மாறிய பெரிய நிறுவனங்களில், ஊழியர்கள் உணரிக் கருவிகளை அணிந்துகொள்ள, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். நேருக்கு நேர் பேசும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சல் கூடியது. எல்லார் கண்ணும் தன் மேல் இருக்கும் இடத்தில் மனிதர் பேச்சைக் குறைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறார். இதற்கு ஊழியரைக் குறை சொல்ல முடியாது. யோசிப்பதற்கு மறைவு வேண்டும். அரைகுறை யோசனையைச் சொல்லிப் பார்க்க அதைவிடவும் வேண்டும்.

இரண்டாவது காரணம் நான் முதலில் சொன்ன உரிமை. ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுக்க வேண்டுமானால் இங்கே யாரையும் கேட்க வேண்டாம், ஒரு கருவியை எடுத்துச் சுவரில் துளை போட்டால் போதும் என்று அங்கே இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலை விருப்பப்படி திறந்து மூட முடிந்ததைக்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சின்ன அதிகாரம் மனதை என்ன செய்கிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் ஆகியோர் 2010-இல் வெளியிட்டது. வெறுமையான அறையைவிட, செடியும் படமும் வைத்த அறையில் வேலை சுமார் 17 சதவீதம் கூடியது. அதே செடியையும் படத்தையும் எங்கே வைப்பது என்று வேலை செய்பவரே தீர்மானித்தபோது சுமார் 32 சதவீதம் கூடியது. அவர் வைத்த ஒழுங்கை ஆய்வாளர் வந்து கலைத்து மாற்றியபோது அந்த ஆதாயம் போய்விட்டது. செடி அதே செடி. யார் கை வைத்தது என்பதுதான் மாறியது.

மறுபக்கம்

இந்தக் கட்டடத்தைக் கோவிலாக்கக் கூடாது. அங்கே நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இவ்வளவு பெரிய மரக் கட்டடம் தீ விதியில் விலக்கு பெற்று அரை நூற்றாண்டு நின்றது ஆபத்தான காரியம். தீப்பிடித்திருந்தால் இன்று இதைப் பற்றி வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்போம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தக் காலத்துக் கட்டடம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பணத்தையும் மறக்க முடியாது. போருக்குப் பிறகு மின்னணுவியல் ஆய்வுக்கூடத்துக்கு அமெரிக்க ராணுவத்தின் மூன்று பிரிவுகளும் சேர்ந்து நீண்ட காலம் நிதி கொடுத்தன, அதுவும் பெரிதாகக் கெடுபிடி இல்லாமல். ஒரு மொழியியலாளரை மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைக்க முடிந்தது அதனால்தான். உலகத்தின் தேர்ந்த மாணவர்கள் வந்து சேரும் இடம் என்பதும் உண்டு. பாழடைந்த கட்டடம் ஒன்றைப் பிடித்துப் போட்டால் யோசனை பிறக்கும் என்று யாராவது இதிலிருந்து முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோவார்கள்.

அதே மனையில் வந்த அடுத்த கட்டடம்

இடித்த இடத்தில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டாட்டா மையம் 2004-இல் திறந்தது. சாய்ந்த கோபுரங்கள், மடிந்த உலோகச் சுவர்கள், உள்ளே ஒரு நீண்ட பொதுத் தெரு. செலவு சுமார் 30 கோடி டாலர். பழைய கட்டடத்தின் உயிர்ப்பை இதற்குள் கொண்டுவர வேண்டும் என்பதே எண்ணம். சந்திக்கும் இடங்கள், பொது முற்றங்கள் எல்லாம் யோசித்துச் செய்தவை. 2007-இல் ஒழுகல், பூஞ்சை, வடிகால் கோளாறு என்று குற்றஞ்சாட்டி எம்.ஐ.டி. வழக்குப் போட்டது, 2010-இல் சமரசமானது. என்னைப் பொறுத்தவரை ஒழுகல் பெரிய விஷயமே இல்லை, பழைய கட்டடமும் ஒழுகியது. 30 கோடி டாலர் கட்டடத்தில், பெயர் பெற்ற கலைஞர் வளைத்த சுவரில், ஒரு மாணவர் துளை போட முடியுமா என்பதுதான் என் கேள்வி. சந்திப்பை வடிவமைக்கலாம். கை வைக்கும் துணிச்சலை அவ்வளவு விலையுயர்ந்த பரப்பு தானாகவே அடக்கிவிடும்.

இன்னும் மோசமான திசையில் போனவர் விளம்பர உலகின் ஜே சியாட். 1990-களின் நடுவில் சியாட்/டே நிறுவனத்தின் கலிபோர்னியா, நியூயார்க் அலுவலகங்களில் சொந்த மேசை என்பதையே ஒழித்தார். காலையில் வந்து மடிக்கணினியும் தொலைபேசியும் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சொந்தப் பொருளுக்கு லாக்கர். சில மாதங்களில் ஊழியர்கள் காரின் பின்பெட்டியைக் கோப்பு அலமாரியாக்கினார்கள். விடியலிலேயே வந்து மடிக்கணினியை வாங்கிப் பதுக்கினார்கள். ஆளுக்கென்று ஓர் இடம் இல்லாததால் குழுவினரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலையானது. 1998-இல் அந்த நிறுவனம் வேறிடம் போனபோது ஆளுக்கொரு மேசை திரும்பி வந்தது. 'எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்' என்பது காகிதத்தில் சுதந்திரம். தன் இடம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள முடியாதவருக்கு அதை மாற்றும் உரிமை மட்டும் எப்படி வரும்?

மேதைகளுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் மட்டுமான பேச்சா இது? நெதர்லாந்தின் அப்பெல்டோர்ன் நகரில் சென்ட்ரால் பெஹீர் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1972-இல் கட்டிய அலுவலகத்தைப் பாருங்கள். சுமார் ஆயிரம் எழுத்தர்கள். சின்னச் சின்ன மேடைகளாகப் பிரித்து, கான்கிரீட் கல்லைப் பூசாமல், வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார். மிச்சத்தை ஊழியர்கள் முடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். முடித்தார்கள். செடி, படம், விளக்கு என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒவ்வொரு மூலையையும் தங்களுடையதாக்கினார்கள். 2013 வரை அந்த நிறுவனம் அங்கே இருந்தது.

அலுவலகம் அமைக்கிறவர்களுக்கு

உட்புற வடிவமைப்பாளரோடு உட்காரும்போது சோபா நிறத்துக்கு முன்னால் பேச வேண்டியவை சில உண்டு. கம்பிகளையும் குழாய்களையும் பொய்க்கூரைக்குள் புதைக்காமல் எட்டும்படி விடச் சொல்லுங்கள். புதைத்துவிட்டால் ஒரு பிளக் மாற்றக்கூட ஆள் கூப்பிட வேண்டிவரும். உள்தடுப்புகளைக் கண்ணாடியில் போடாமல், ஆணி அடிக்கவும் கழற்றவும் முடிகிற பலகையில் போடுங்கள். பட்ஜெட்டில் ஒரு பங்கை முதல் நாளே செலவழிக்காமல், ஆறு மாதம் அங்கே வேலை பார்த்த குழுக்கள் கேட்கும் மாற்றத்துக்கு ஒதுக்கி வையுங்கள். சாத்தக்கூடிய கதவுகள் வேண்டும். அவை மேலாளர்களுக்கு மட்டும் என்று ஆகக் கூடாது.

தீ, மின்சாரம், பளு தாங்கும் சுவர் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எவற்றைத் தொடக் கூடாது என்று ஒரு சிறு பட்டியல் எழுதி ஒட்டுங்கள். அதில் இல்லாத எதையும் ஊழியர் கேட்காமல் மாற்றலாம் என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாடகைக் கட்டடமாக இருந்தால், காலி செய்யும்போது பழையபடி ஆக்கித்தர வேண்டும் என்ற நிபந்தனைக்கு எவ்வளவு பணம் பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள். அந்தத் தொகை பெரிதாக இருந்தால் நிர்வாகம் ஒவ்வொரு ஆணிக்கும் கணக்குப் பார்க்கும், ஊழியர்களும் சுவரில் கை வைக்க மாட்டார்கள்.